ஃபேஸ் படத்தைச் சேமித்தாயிற்றா?

மூளையில் சேரும் இரும்பை எம்.ஆர்.ஐ.யில் அளக்கும் வேலையில் மனதை மிகவும் வருத்துகிற இழப்பு, ஸ்கேன் நல்லபடியாக முடிந்த பிறகுதான் தெரியவரும். அல்சைமர் வந்த முதியவர் ஒருவர் எட்டு நிமிடம் ஆடாமல் படுத்திருந்திருப்பார். படமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் சர்வரில் சிக்னலின் பலத்தைக் காட்டும் மேக்னிட்யூட் படங்கள் மட்டும் வந்திருக்கும், சிக்னலின் சுழற்சிக் கோணத்தைக் காட்டும் ஃபேஸ் படங்கள் இருக்காது. வழக்கமான ஸ்கேனுக்கு ஃபேஸ் தேவைப்படாததால் பல கருவிகளில் அது தானாகச் சேமிப்பில் சேராது. மூல டேட்டாவும் அழிந்துவிட்டால் மேக்னிட்யூடிலிருந்து ஃபேஸை வரவழைக்க வழியே கிடையாது. இரத்தக்கசிவைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. ஸ்கேனோடு வரும் வடிகட்டிய ஃபேஸும் உதவாது. நமக்கு வேண்டிய தகவல் அந்த வடிகட்டலிலேயே போய்விடுகிறது. ஆகவே நோயாளி மேசையை விட்டு இறங்குமுன் எல்லா எக்கோவுக்கும் (ஒரே ஸ்கேனில் அடுத்தடுத்த நேரங்களில் பதிவாகும் சிக்னல்களுக்கும்) ஃபேஸ் வந்திருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட வேண்டும்.

ஃபேஸுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? மூளையின் இரும்பில் பெரும்பகுதி, இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினில் அடைபட்டிருக்கிறது. ஒரு ஃபெரிட்டின் கூட்டுக்குள் சுமார் 4,500 இரும்பணுக்கள் வரை அடங்கும். அது பாரா காந்தத் தன்மை கொண்டது (காந்தப்புலத்தால் லேசாக ஈர்க்கப்படுவது), சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கொஞ்சமாகத் திரிக்கும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்றால், 3 டெஸ்லாவில் புலம் 100 கோடியில் 10 பங்கு மாறினால் அதிர்வெண் 1.28 ஹெர்ட்ஸ் நகரும். 20 மில்லிசெகண்ட் எக்கோவில் அது ஃபேஸில் வெறும் 9 டிகிரி. 1958-இல் ஹால்கிரன், சோராண்டர் இருவரும் இறந்தவர்களின் மூளையில் நேரடியாக அளந்தபோது, 100 கிராம் திசுவுக்கு மூளையின் ஆழத்தில் உள்ள குளோபஸ் பாலிடஸில் ஏறத்தாழ 21 மில்லிகிராம் இரும்பும் நெற்றிப்பக்கப் புறணியில் (மூளையின் மேலடுக்கில்) 3 மில்லிகிராமும் இருந்தன. அல்சைமரில் நாம் தேடுவது பெரும்பாலும் புறணியிலும் நினைவுக்கான பகுதியான ஹிப்போகேம்பஸிலும், அதாவது இரும்பு குறைவாக இருக்கிற இடங்களில்.

எடுக்கும் முறை சிக்கலானதல்ல. முப்பரிமாண கிரேடியன்ட் எக்கோ (புல மாற்றத்தை நன்கு உணரும் ஸ்கேன் வகை), 1 மில்லிமீட்டர் வோக்சல் (படத்தின் மிகச்சிறிய கனத் துண்டு), ஐந்தாறு எக்கோ, முதல் எக்கோ சுமார் 5 மில்லிசெகண்டில், கடைசி 30-க்குள். இதைக் கடைசியில் வைக்கக் கூடாது. நோயாளி அலுத்துப்போவதற்குள், தலை இருக்கும் இடத்தைக் குறிக்கும் முதல் படம் (லோகலைசர்) முடிந்த கையோடு எடுத்துவிடுவது நல்லது. காதோரம் ஸ்பாஞ்சை இறுக்கமாக வைக்க வேண்டும். ஸ்லைஸைச் சாய்க்காமல் எடுத்தால் பின்னால் கணக்குப் போடும் நமக்குத் தலைவலி குறையும். சாய்த்தே ஆக வேண்டுமென்றால் முதன்மைக் காந்தப்புலத்தின் திசையை மென்பொருளுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால் கடைசியில் கிடைக்கும் வரைபடம் பார்க்கச் சரியாகத்தான் இருக்கும், எண்கள் பொய்யாக இருக்கும்.

அதன்பின் கணக்கு. சிக்னலை வாங்கும் காயில்களின் ஃபேஸைத் தவறாகச் சேர்த்திருந்தால், பாதியில் அறுந்து நிற்கிற கோடுகள் தெரியும். முழுச் சுற்றைத் தாண்டி மடிந்த ஃபேஸை விரிக்கும் எந்த அன்ராப்பிங்கும் அதைக் காப்பாற்றாது. மூளைக்கு வெளியிலிருந்து வரும் பின்புலப் புலத்தை நீக்கும்போது அதிகம் அடிபடுவது ஹிப்போகேம்பஸ் இருக்கும் டெம்போரல் மடல்தான், ஏனென்றால் காதெலும்பின் காற்றறைகள் அதற்குக் கீழேயே இருக்கின்றன. கடைசிப் படி, புலத்திலிருந்து காந்த ஏற்புத்திறனை (ஒவ்வோர் இடமும் எவ்வளவு காந்தமாகிறது என்பதை) பின்னோக்கிக் கண்டுபிடிப்பது. இந்தக் கணக்கில் முதன்மைப் புலத்தோடு 54.7 டிகிரி கோணத்தில் அமையும் கூம்பின் மேல் தகவல் ஏறக்குறைய சுழியாகிவிடுவதால் அந்த இடைவெளியை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. வரைபடத்தில் கோடுகோடாக இழுத்தால் அங்கேதான் கோளாறு. ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாக ஊகிக்கும். அதனால் முதல் ஸ்கேனுக்கு ஒன்று, ஓராண்டு கழித்து வேறொன்று என்று மாற்றவே கூடாது, பதிப்பு எண்ணைக்கூட.

வந்த எண்ணை அப்படியே இரும்பு என்று எழுதிவிடவும் முடியாது. நரம்பிழைகளின் உறையான மயலின் டயா காந்தத் தன்மை கொண்டது, அதாவது காந்தப்புலத்தை லேசாக எதிர்ப்பது. அது அழிந்தாலும் ஏற்புத்திறன் ஏறும். அதே ஸ்கேனிலிருந்து கிடைக்கும், சிக்னல் எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதைக் காட்டும் ஆர்2-ஸ்டார் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிடிபடும்: இரும்பு கூடினால் இரண்டும் ஏறும், மயலின் குறைந்தால் ஏற்புத்திறன் ஏறி ஆர்2-ஸ்டார் இறங்கும். சிறு இரத்தநாளங்களில் அமிலாய்டு புரதம் படிந்தவர்களுக்கு நுண்ணிய இரத்தக்கசிவுகள் இருக்கலாம். ஹிப்போகேம்பஸில் அப்படி ஒரு புள்ளி விழுந்தாலே சராசரி எகிறிவிடும். சுருங்கிய ஹிப்போகேம்பஸின் ஓர வோக்சல்களில் மூளைத் தண்டுவட நீர் கலந்திருக்கும் என்பதால் எல்லைக்கோட்டை ஒரு வோக்சல் உள்ளே தள்ளிப் போடுவது பாதுகாப்பு.

இத்தனை பாடும் எதற்கு என்பதை உடலிலிருந்து இரும்பை அகற்றும் மருந்தான டெஃபெரிப்ரோனை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. ஆஸ்திரேலியாவில் தொடக்கநிலை அல்சைமர் உள்ள 81 பேரிடம் நடந்து 2024-இல் வெளியான ஆய்வு அது. கிலோவுக்கு 15 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, ஓராண்டு. ஹிப்போகேம்பஸில் இரும்பு குறைந்ததை இந்த வரைபடமே காட்டியது. ஆனால் மருந்து எடுத்தவர்களின் நினைவும் சிந்தனையும் மற்றவர்களைவிட வேகமாகச் சரிந்தன. வரைபடம் இல்லாமல் இருந்திருந்தால், மருந்து மூளையைச் சென்றடையவில்லை போலிருக்கிறது என்று சொல்லி, அடுத்த ஆய்வில் அளவைக் கூட்டியிருக்கக்கூடும்.