சிவப்பு மையில் ஒரு கோடு

எஸ்டேட் ஆபீஸில் நான் கடைசியாகப் பார்த்த வேலை, பழைய புத்தகங்களை எரிப்பது. 2007. தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றாயிற்று. சட்டப்படி சம்பளப் பதிவேடுகளை ஆறு வருஷம் வைத்திருந்தால் போதும். எங்கள் ஸ்டோரிலோ அறுபதுகளின் செக்ரோல், அதாவது ஆள் வருகை, சம்பளப் புத்தகம்கூடக் கிடந்தது. எனக்கு முன்பிருந்த பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, ஒரு துண்டுக் காகிதத்தையும் வெளியே போடாத மனிதர். கரையான் தின்றது போக நாற்பது கட்டுகள் தேறின.

நேராக நெருப்பில் போட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. யார் யார் எத்தனை வருஷம் உழைத்தார்கள் என்று இழப்பீட்டுப் பட்டியலுக்கு ஆதாரம் வேண்டும், ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த வருஷம்தான் மலேசியாவில், சிலாங்கூரில் உள்ள எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை, பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. பழைய புத்தகங்களில் ஒரு பெயர், புதுப் பாரங்களில் இன்னொரு பெயர். பாட்டிமார்களிடம் பெஸ்தாரி ஜெயா என்றால், "அது எங்க இருக்கு தம்பி, தொலைவா?" என்பார்கள்.

பட்டியல் எழுதும்போது ஒரு பாட்டி வாராவாரம் வருவார். குடும்ப உறுப்பினர்கள் என்ற இடத்தில் தன் மூத்த மகன் பெயரையும் சேர்க்கச் சொல்வார். அந்த மகன் 1970இல், ஐந்து வயதில் காணாமல் போனவன். "லயத்து வீட்ட இடிச்சிட்டா அவன் வந்து எங்க தேடுவான்?" என்பார். ஐசி, அதான் அடையாள கார்டு, நம்பர் இல்லாத ஆளைச் சேர்க்க முடியாது பாட்டி என்பேன். சரி தம்பி என்று போய்விட்டு அடுத்த வாரம் திரும்ப வருவார்.

அந்தப் பையன் கதை கேட்டு வளர்ந்தவன்தான் நானும். அம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தான் என்பது பொதுவான கதை. எங்கள் பக்கம் ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டைகள் அதிகம் என்பதால் அதில் விழுந்தான் என்று சிலர் சொல்வார்கள். புதுப்பாலம் கட்டுகிறவர்கள் பலி கொடுக்கப் பிடித்துப் போனார்கள் என்று சொல்லித்தான் எங்களைப் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் அடைப்பார்கள். ரப்பர் பால்மரக் காட்டுக்குள் முனி கூட்டிக்கொண்டு போனது என்று என் அம்மாச்சி சத்தியமே செய்வார். பால்மரம் போய் செம்பனை வந்து, செம்பனைக்கும் வயசாகி, கதை மட்டும் அப்படியே இருந்தது.

வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையின் புத்தகம் கையில் கிடைத்தது ஒரு மத்தியானம். ஆயாவுக்கு எழுதத் தெரியாது. எந்தப் பிள்ளை வந்தது, வரவில்லை என்று அவர் வாயால் சொல்ல, பெரிய கிராணி எழுதுவார். பையன் பெயரைத் தேடினேன். தினமும் ஒரு டிக். 1970 ஏப்ரல் 21, செவ்வாய்க்கிழமையோடு டிக் நின்று, பெயர் மேலேயே சிவப்பு மையில் ஒரு கோடு. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிள்ளைகளுக்கும், வேலையை விட்டுக் கணக்கு முடித்துப் போன வீட்டுப் பிள்ளைகளுக்கும் போடுகிற அதே கோடு.

கோயில் கணக்கும் அதே கட்டில்தான் இருந்தது. திருவிழா ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை.

தொலைவதற்கு ஐந்து நாள் முன்பே பெயரை அடித்திருக்கிறார்கள்.

உடம்பு சிலிர்த்தது என்றெல்லாம் எழுத ஆசைதான். நிஜத்தில் கிராணி புத்திதான் முதலில் வேலை செய்தது: எங்கேயோ டேலி ஆகவில்லை. செக்ரோலை எடுத்தேன். பையனின் அம்மாவுக்கு 15ஆம் தேதியிலிருந்து பிரசவ விடுப்பு. அடுத்த பிள்ளைக்காகக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போனவர், சிக்கலாகி, மே மாதம்தான் திரும்பியிருக்கிறார். ஆகவே அந்த ஐந்து நாளும் அவர் தோட்டத்திலேயே இல்லை. திருவிழாவும் அவர் பார்க்கவில்லை.

பிறகு கணக்கு முடித்தவர்கள் புத்தகம். அது தனி சோகம். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் என்ற சட்டம் அமலுக்கு வந்ததும், சிவப்பு ஐசிக்காரர்கள் வரிசையாகக் கிளம்பினார்கள். பிறந்தது இங்கே, பால் வெட்டியது இங்கே, பாரம் நிரப்ப மட்டும் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாடு முழுக்க ஏறக்குறைய 60,000 பேர் அப்படி இந்தியாவுக்குப் போனார்கள். எங்கள் புத்தகத்தில் மூன்று பக்கம். ஏப்ரல் 21 என்ற தேதியில் பையனின் பெரியப்பா பெயர் இருந்தது. மனைவி ஒருவர். ஆண் பிள்ளை ஒன்று, வயது ஐந்து. ஊர் போக இ.பி.எஃப். சேமநிதிக் காசு எடுத்தாயிற்று என்று குறிப்பு.

பெரியப்பாவுக்கு ஒரு மகன் இருந்தது உண்மை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரின் நோயாளிப் புத்தகத்தில் அந்தப் பிள்ளையும் இருந்தான். 1969இல் காய்ச்சல், நான்காம் நாள் இறப்பு.

செத்துப்போன பிள்ளை கப்பலேறியிருக்கிறான். உயிரோடிருந்த பிள்ளை திருவிழாவில் தொலைந்திருக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே வயது.

இந்த ஐந்து புத்தகங்களும் முப்பத்தேழு வருஷமாக ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை. மர்மக் கதைகளில் ஒருவன் மறைப்பான், ஒருவன் கண்டுபிடிப்பான். இங்கே மறைக்க ஆளுக்கு ஒரு துண்டுதான் இருந்தது. டிரெஸ்ஸர் சாவைப் பதிவு இலாகாவுக்குச் சொல்லாமல் விட்டது ஒரு துண்டு. ஆயா வாயைத் திறக்காதது ஒரு துண்டு. விடியற்காலையில் லோரி ஏறியவர்களைப் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் நின்ற அத்தனை பேரும்தான் பார்த்திருப்பார்கள்.

பெரிய கிராணி அப்போது உயிரோடு இருந்தார். டவுன் தாமான் குடியிருப்பில் மகள் வீட்டில். புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. மூன்று வரிகளை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பெர்மிட் கெடைக்கல. புள்ளையும் செத்துப் போச்சி. அந்தப் பொம்பள மரத்துல கயிறு போட்டுட்டா, ரெண்டு தடவ. தம்பிக்காரன்தான் தன் புள்ளையத் தூக்கிக் குடுத்தான். செத்த புள்ளையோட சூராட்டுப் பேப்பரு ஏற்கெனவே இருந்திச்சி."

"அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே ஐயா?"

"சொன்னா போலீசுக்குப் போகும். போனா எத்தனை பேரு உள்ள போவாங்கன்னு நெனைக்கிற?"

"அப்புறம் ஏன் ஐயா சிவப்புக் கோடு போட்டீங்க? டிக் போட்டுக்கிட்டே வந்திருக்கலாமே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "வராத புள்ளைக்கு எப்படி டிக் போடறது?" என்றார். அத்தனை பொய்யையும் சேர்த்துக் கட்டிக் காத்தவருக்கு அந்த ஒரு டிக் மட்டும் வரவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, பாலத்தைத் தாண்டி மோட்டாரை நிறுத்தியபோதுதான்.

பாட்டியிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு வாரம் உழன்றேன். இது என் வேலையில்லை. என்னிடம் கேட்டது வருஷக் கணக்கு மட்டுமே. ஆனால் அவர் வாராவாரம் வந்து நிற்கிறாரே.

லயத்துக்கே போனேன். சட்டி பானைகளைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டிருந்தார். சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கப்பல்ல போச்சின்னு எனக்குத் தெரியாதா தம்பி? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து எறங்கினப்பவே ஆயா என் மொகத்தப் பாக்கல. எதுத்த வீடு காலியா கெடந்திச்சி. ரெண்டையும் ரெண்டையும் கூட்டத் தெரியாதா?"

"ஏன் பாட்டி ஒண்ணுமே கேக்கல?"

"கேட்டிருந்தா இவரு உள்ள. கிராணி உள்ள. கையில பச்சப்புள்ள. நான் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். அவங்களும் எனக்குத் தெரியாதுன்னே இருந்துட்டாங்க." புருஷன் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறதாம். அவரிடமும் கடைசிவரை கேட்கவில்லை.

முடிச்சை இறுக்கிவிட்டு, "நம்ம புத்தகத்துல என்ன பேரு போட்டிருக்கு, போறப்ப?" என்று கேட்டார். சொன்னேன். புருஷனின் அண்ணன் மகன் பெயர். அவர் குளிப்பாட்டி வளர்த்த பிள்ளைதானே அவனும். கொஞ்ச நேரம் கோணிப்பையையே பார்த்தார். "அந்தப் பேரையே எழுதுங்க தம்பி," என்றார். "அவன் வந்தா அந்தப் பேரச் சொல்லித்தான் விசாரிப்பான்."

எழுதினேன். ஆறாவது வரிசை. பெயர், உறவு: மகன், வயது 42. ஐசி நம்பர் இருக்கும் இடத்தில் ஒரு சிறு கோடு. இது என் உத்தியோகத்தில் தெரிந்தே நான் செய்த ஒரே தப்பு.

ஒரு வாரம் கழித்துத் தலைமை ஆபீஸிலிருந்து போன். "அந்த ஆறாவது ஆள் யாரு? ஐசி இல்லையே?"

"ஊர்ல இல்ல," என்றேன்.

பட்டியல் திரும்பி வந்தபோது ஆறாவது வரிசையைச் சிவப்பு மையில் அடித்திருந்தார்கள். அதை எரிக்கிற கட்டில் சேர்க்கவில்லை. அந்த ஐந்து புத்தகங்களையும்தான்.