மீனும் ஒருசந்தியும்

சென்ற ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்து வாங்கி, சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவமான பாடுபட்ட சுரூபத்தின் பின்னே செருகி வைத்திருந்த ஓலையை, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முன்பே ராயபுரத்திலுள்ள எங்கள் பங்குக் கோயிலில் சேர்த்துவிட்டேன். பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும் அந்த ஓலைதான் எரிந்து சாம்பலாகி, நெற்றியில் சிலுவையாகத் திரும்பி வருகிறது.

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி, 18 வயது நிறைந்தவர்கள் 60ஆம் வயது தொடங்கும்வரை திருநீற்றுப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு, இருக்க வேண்டும். 14 வயது நிறைந்தவர்கள் இறைச்சியை விலக்கும் சுத்தபோசனம் காக்க வேண்டும். மீன் உண்ணத் தடையில்லை. ஆயினும், விடியலில் விசைப்படகுகள் வந்தணையும் காசிமேட்டுக்கு அருகில் வாழும் எனக்கு, ஆட்டுக்கறியை விட்டு வஞ்சிரத்தை வறுத்து உண்பது ஒறுத்தலாகத் தோன்றவில்லை. ஆகவே தவக்கால வெள்ளிகளில் கஞ்சியும் துவையலும் மட்டும் உண்டு, மீன் வாங்காமல் மிச்சமாகும் பணத்தை ஏழைகளுக்கான உண்டியலில் இடுகிறேன். அதை எனக்கே சேர்த்துக்கொண்டால் அது சிக்கனமே தவிர நோன்பு அன்று.

வயிற்றைவிட நாவைக் கட்டுவதுதான் எனக்குக் கடினம். சென்ற ஆண்டு ஒரு வெள்ளி மாலை, இயேசுவின் பாடுகளை நினைந்து செபிக்கும் சிலுவைப்பாதையின் 14 தலங்களிலும் முழங்காலிட்டுச் செபித்துவிட்டுத் திரும்பிய நான், தண்ணீர் லாரி வரிசையில் குடத்தை முன்னே வைத்த பக்கத்து வீட்டு அக்காவைக் கடிந்து பேசிவிட்டேன். வீட்டில் அவருடைய மாமியார் படுத்த படுக்கையாக இருந்தது எனக்குத் தெரிந்ததுதான். மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்ட பிறகே, குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்குச் சென்றேன். இவ்வாண்டு வெள்ளிதோறும் அவருடைய குடங்களை நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் சிலுவைப்பாதைக்குப் புறப்படுகிறேன்.