அலைக்கற்றை ஏலத்தில் 18.18 என்ன செய்தது?

கைபேசிக் கம்பனிகளுக்கு அலைவரிசை விற்கும் அலைக்கற்றை ஏலத்தை மட்டக்களப்பு மீன் ஏலம் போல நினைக்க வேண்டாம். இங்கே எல்லாக் கூறும் (அலைவரிசைத் துண்டும்) ஒரே நேரத்தில் ஏலத்தில் கிடக்கும். எந்தக் கூறுக்கும் புதுக் கேள்வி, அதாவது கூடிய விலை, வராத சுற்றில்தான் எல்லாம் ஒன்றாக முடியும். 1994இல் அமெரிக்கா தொடங்கிய முறை இது. பதுங்கியிருந்து கடைசியில் பாயவும் முடியாது: ஒரு சுற்றில் சும்மா இருந்தால் அடுத்த சுற்றில் கேட்கும் தகுதி குறைந்துவிடும்.

ஆனாலும் கெட்டிக்காரர் வழி கண்டுபிடிப்பார்கள். 1999 ஜேர்மனி, 10 கூறுகள். புதுக் கேள்வி முந்தியதைவிட 10 வீதம் கூட இருக்க வேண்டும். மன்னெஸ்மன் என்ற கைபேசிக் கம்பனி ஐந்து கூறுக்கு மெகாஹேர்ட்ஸுக்கு 18.18 மில்லியன் மார்க் கேட்டது, மற்ற ஐந்துக்கு 20 மில்லியன். 18.18உடன் 10 வீதம் கூட்டிப் பாருங்கள், 20 வரும். மன்னெஸ்மன் சொன்ன சேதி: "18.18 கூறுகளை நீ 20க்கு எடு, மற்றதை எனக்கு விடு." போட்டிக் கம்பனி டி-மொபைலுக்கு விளங்கிவிட்டது. இரண்டே சுற்றில் ஏலம் முடிந்தது! ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏலம் தொடங்கும் அடிப்படை விலை கூடினாலும் ஏலம் கெடும். இந்தியாவில் 700 மெகாஹேர்ட்ஸை 2016இலும் 2021இலும் ஒருவரும் தொடவில்லை. 2022இல் விலை குறைத்த பிறகுதான் ஜியோ கம்பனி எடுத்தது.

படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை, வவுணதீவு போல வீடுகள் பரந்து கிடக்கும் பக்கத்துக்கு உதவுவது 700 போன்ற தாழ்ந்த அலைவரிசைதான், தூரம் போகும். 3500 மெகாஹேர்ட்ஸ் வேகம் தரும், ஆனால் கோபுரங்கள் நெருக்கமாக வேண்டும். ஏல நிபந்தனையில் கிராமக் கவரேஜைக் காலக்கெடுவோடு எழுதாவிட்டால் கம்பனிகள் காத்தான்குடி, கல்முனையில்தான் முதலில் கோபுரம் நடும். படுவான்கரைக்குக் கடைசி இடம்தான்.