சாயம் எடுக்கும் வேலை

மதுரை செல்லூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில், ஷேடு மாறிப்போன நூலையும் துணியையும் மறுபடி வெள்ளைக்குக் கொண்டுவரும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. சாயம் ஏற்றுவதைவிட எடுப்பது எளிது என்று நினைப்பவர்கள் உண்டு. ஏறியிருப்பது எந்த வகைச் சாயம் என்று தெரியாமல் தொட்டியைச் சூடாக்கவே கூடாது என்பது என் கருத்து.

வெளிச் சரக்கில் பெரும்பாலும் விவரச் சீட்டு இருப்பதில்லை. ஆகவே, ஒரு துண்டு நூலை வெட்டி, காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் (நிறம் எடுக்கும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் தூள்) கரைத்த வெந்நீரில் போட்டுப் பார்ப்பேன். அசோ வகை ரியாக்டிவ் சிவப்பு, அதாவது இழையோடு வேதிப்பிணைப்பாக ஒட்டும் சாயம் என்றால், சாய மூலக்கூறில் இரண்டு நைட்ரஜன் அணுக்களைச் சேர்க்கும் பிணைப்பு அறுந்து நிறம் வெளிறும், உலர்த்தினாலும் திரும்பாது. அவுரி நீலம் அப்படியல்ல. நூல் நீருக்குள் மஞ்சள் கலந்த பச்சையாக மாறியதும், புதிதாகச் சேர்ந்த பையன்கள் “போயிருச்சுண்ணே” என்று வெளியே தூக்குவார்கள். பிழிந்து விரிப்பதற்குள் காற்றின் ஆக்சிஜன் பட்டு நீலம் மறுபடி தெரிய ஆரம்பித்துவிடும். சாயம் நூலைவிட்டுப் போகாமல், கரையக்கூடிய வடிவத்துக்கு மட்டும் மாறியிருந்ததே காரணம். அந்த நிலையில் இருக்கும்போதே அதை நீரில் இறக்கி வெளியேற்ற வேண்டும். தாமிரம் சேர்ந்த டர்க்காய்ஸ் நீலம் ஹைட்ரோஸுக்கு எளிதில் மசியாது. அத்தகைய சரக்கு வந்தால், கறுப்பு ஏற்றிக்கொள்ளும்படி சொல்லி அனுப்பிவிடுவேன்.

ஹைட்ரோஸ் டிரம்மின் மூடி விஷயத்தில் நான் கறாரானவன். ஐப்பசி மழையில் திறந்து கிடந்தால், தூள் ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டி, கந்தக நெடி வீசி, வீரியத்தை இழக்கும். உள்ளே சிறிது தண்ணீர் சிந்தினால் தானாகச் சூடேறித் தீப்பற்றவும் கூடும்.

பருத்தியில் எஞ்சும் மங்கல் மஞ்சளுக்குப் பிளீச்சிங் பவுடர் உதவும். ஸ்காட்லாந்தின் சார்லஸ் டென்னன்ட் 1799இல் காப்புரிமை பெற்ற அதே பொருள்தான். பின்னர் குளோரினை நீக்கும் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) கரைத்த நீரில் அலசாவிட்டால், நூலில் தங்கிய குளோரின் நாளடைவில் இழையை இற்றுப்போகச் செய்யும். பட்டுக்கு இந்தப் பவுடர் ஆகவே ஆகாது. பட்டின் புரதத்தையே அது அரித்துவிடும்.

கடைசியில், தொட்டியிலிருந்து வெளியேறும் தண்ணீரின் நிறத்தையும் நாங்களே எடுக்க வேண்டியிருக்கிறது. சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் சேர்த்துக் கலக்கினால், சாயத்தின் பெரும்பகுதி சேறாகப் படிந்து, மேல்நீர் தெளிந்துவிடும். ஆனால் சாயம் ஏற்றும்போது கொட்டிய உப்பு அந்தத் தெளிந்த நீரில் அப்படியே இருக்கும். அதைப் பிரிக்க ஆர்.ஓ. சவ்வு வேண்டும். பட்டறைச் செலவில் முதலாளிகள் அதிகம் முணுமுணுப்பதும் அதற்குத்தான்.