பானைச் சில்லில் ஒரு கடிதம்

எகிப்தின் அஸ்வானில், நைல் நதி நடுவே எலிஃபன்டைன் தீவு. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசுக்காகக் காவல் நின்ற யூதப் படைவீரர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த இடம். அங்கே கிடைத்த அரமேய மொழி ஆவணங்களில், இடிக்கப்பட்ட தங்கள் கோயிலைத் திரும்பக் கட்ட உதவி கேட்டு கி.மு. 407இல் எழுதிய மனுதான் பெரும்பாலும் பேசப்படுகிறது.

என் மனசை அள்ளியது, உடைந்த பானைச் சில்லில் மையால் எழுதிய குட்டிக் கடிதம். "நாளைக்குக் கீரை அனுப்புகிறேன். ஓய்வுநாளானாலும் படகுக்குப் போய் வாங்கிக்கொள், வீணாகிவிடும். போகாவிட்டால், யாஹோ (அவர்களின் கடவுள்) மேல் ஆணை, உன் உயிரை எடுத்துவிடுவேன்!" என்ற தொனியில் யிஸ்லா என்பவருக்கு எழுதியது. மெசுல்லெமெத்தையோ செமாயாவையோ நம்பி இருக்காதே என்று எச்சரிக்கை வேறு!

யூதர்கள் கடவுளுக்காக வேலையை விட்டு ஓய்ந்திருக்கும் நாள்தான் ஓய்வுநாள். அந்த நாளில் படகுத்துறைக்குப் போகச் சொல்லி, கடிதம் எழுதியவர் அந்தக் கடவுள் மேலேயே சத்தியம் செய்கிறார். அந்த மக்கள் நிஜமாக எப்படி வாழ்ந்தார்கள் என்பதை எந்த அரசாணையும் இவ்வளவு பக்கத்தில் காட்டாது.