கண்ணைக் கட்டி நடந்த தூரம்

கொழும்புக் கோட்டையில், இறக்குமதிப் பொருட்களைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் நிறுவனமொன்றின் ஆவணப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். நாங்கள் தயாரிக்கும் கஸ்டெக் எனும் சுங்கப் பிரகடனப் பத்திரத்தில், பொருளின் வகையைக் காட்டும் எச்.எஸ். குறியீட்டின் ஓர் இலக்கம் பிசகினாலும் கொள்கலன் துறைமுகத்தில் நின்றுவிடும். நிற்கும் நாட்களுக்கு டெமரேஜ் எனும் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே பிழை நேர்ந்தால் அதை ஒப்புக்கொள்வதைவிட, யார் தலையில் கட்டலாம் என்று பார்ப்பதே எங்கள் பிரிவின் எழுதாத விதியாக இருந்தது.

இதை மாற்ற நினைத்த நிர்வாகம், ஒரு வார இறுதியில் எங்களைக் கித்துல்கலவுக்கு, வெளிப்புறக் குழு விளையாட்டுகள் கொண்ட அவுட்பவுண்ட் பயிற்சிக்கு அனுப்பியது. களனி கங்கையில் படகு விட்டதெல்லாம் உல்லாசப் பயணக் கணக்கில் சேரும். பின்புறமாகச் சாய்ந்து விழுபவரை மற்றவர்கள் தாங்கிப் பிடிக்கும் பயிற்சியில், முகாமையாளர் விழுந்தபோது தேவைக்கு மேலான கைகள் நீண்டன. சம்பள உயர்வுக் கடிதங்களில் அவர் இன்னும் கையெழுத்திடாத மாதம் அது. பயிற்சியாளர் அதற்கு 'நம்பிக்கை' என்று பெயர் வைத்தார்.

கண்ணைக் கட்டிக்கொண்டு, இணையாக வருபவரின் குரலை மட்டும் கேட்டு நடக்கும் பயிற்சிதான் என்னை அசைத்தது. எனக்கு இணையாக வந்தவர், துறைமுகத்தில் சரக்கை விடுவிக்கும் வேலையைப் பார்க்கும் எங்கள் வாஃப் கிளார்க், காலியைச் சேர்ந்த சிங்களவர். நான் அவரை 'அய்யே' (அண்ணா) என்பேன், அவர் என்னை 'மல்லி' (தம்பி) என்பார். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும் என்று தெரிந்திருந்தும், மரியாதைக்காக அவர் தமிழில் வழி சொன்னார். "இடது, இடது" என்றார். நான் இடப்பக்கம் திரும்பி நேரே இறப்பர் மரமொன்றில் நெற்றியை மோதிக்கொண்டேன். அவர் சொல்ல நினைத்தது வலது.

பின்னர் வட்டமாக உட்கார்ந்து பேசியபோது, அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சிங்களத்தில் இன்னொன்றும் சொன்னார்: "உங்கள் மேசையில் எல்லோரும் தமிழில் பேசுவீர்கள். கொள்கலன் இலக்கம் மட்டும் என் காதில் விழும். என் வேலையைப் பற்றிப் பேசுகிறீர்களா, என் பிழையைப் பற்றியா என்று தெரியாது. கேட்கவும் வெட்கம்." ஆறு வருடங்களாக ஒரே அறையில் இருந்திருக்கிறோம்.

ஹார்வார்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன், மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருக்கக் கண்டார். அவர்கள் அதிகம் பிழை விட்டார்கள் என்பதல்ல, விட்டதை மறைக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். எங்கள் பிரிவின் பிழைப் பதிவேடோ அப்பழுக்கில்லாமல் வெறுமையாக இருந்தது.

கொழும்பு திரும்பியதும், காலையில் பிளேன்ரீ குடிக்கும் 10 நிமிடத்தில், முந்திய நாளின் பிழையை அவரவர் சொல்வது என்று ஏற்பாடு செய்தோம். முதல் மூன்று நாட்கள் தேநீர் மட்டும் குடித்தோம். நான்காம் நாள் நான் என்னுடையதைச் சொன்னேன். ஆறு மாதங்களுக்கு முன், எச்.எஸ். குறியீட்டில் இறப்பருக்கான 40ஆம் அத்தியாயத்தில் வரவேண்டிய இறப்பர் குழாயை, 39ஆம் அத்தியாயத்துப் பிளாஸ்டிக் குழாயாகப் பதிந்தவன் நான். கொள்கலன் நான்கு நாட்கள் நின்றது. வாஃப் கிளார்க் தாமதித்தார் என்று கோப்பில் எழுதப்பட்டபோது, நான் வாய் திறக்கவில்லை. அய்யே கோப்பையின் அடியில் கிடந்த சீனியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே, "அந்தக் கோப்பில் இப்போது திருத்தி எழுது, மல்லி" என்றார். எழுதினேன். மறு வாரம், துறைமுகக் கட்டணமொன்றை உரிய நாளில் கட்ட மறந்ததை அவரும் சொன்னார்.

அதன்பிறகு எங்கள் மேசையில் கொள்கலன் பேச்செல்லாம் சிங்களத்துக்கு மாறியது. வம்புப் பேச்சு மட்டும் தமிழிலேயே தொடர்ந்தது. இடது வலதுக்கு முன்பே அந்தச் சொற்களை அய்யே கற்றுக்கொண்டுவிட்டார்.