குளம் வெட்டினோம், தண்ணீர் வரவில்லை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் இருக்கும் எங்கள் ஊரில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன; மின்கம்பங்களும் சாய்ந்தன. பல நாட்கள் மின்சாரம் இல்லை. எங்கள் பக்கம் ஆழ்குழாய்க் கிணறுகள் பல நூறு அடி ஆழம். மோட்டார் ஓடாவிட்டால் ஒரு குடம் தண்ணீருக்கு வழியில்லை. வாடகை ஜெனரேட்டர் எங்கள் தெருவுக்கு வரும் முறைக்காகக் காத்துக் கிடந்தோம். அந்த நாட்களில் ஒருநாள் மாட்டை ஓட்டிக்கொண்டு குளத்துக்குப் போன அம்மா, அதன் வாய் நனையாமலே திரும்பி வந்தார். அந்தக் குளத்தில் நீந்திப் பழகியவர் அவர். இப்போது அங்கே சீமைக் கருவேலம் மட்டும் இருந்தது.

அந்த வாரம்தான் கோயில் திண்ணையில் பேச்சு தொடங்கியது. குளத்தை நாமே வெட்டுவோம் என்று முதலில் சொன்னது யார் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று வரி போட்டோம். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். வரவு செலவை வாரம் ஒருமுறை கோயில் சுவரில் ஒட்டினோம். வசூலில் இறங்கும் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும். கணக்கு கண்ணுக்குத் தெரிந்தால்தான் அடுத்த வாரமும் வீட்டு வாசலில் போய் நிற்க முடியும்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் என்பதால் காகித வேலை என் தலையில் விழுந்தது. முதல் கேள்வியே இந்தக் குளம் யாருடையது என்பதுதான். ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் அப்போது பொதுப்பணித் துறை (இன்று நீர்வளத் துறை). அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். எங்களுடையது ஒன்றியக் குளம். இது தெரியாமல் ஒரு மாதம் தவறான அலுவலகத்துக்கு மனு கொடுத்துக்கொண்டிருந்தேன். கருவேலமும் நம் இஷ்டத்துக்கு வெட்டக்கூடியது அல்ல. மரத்துக்கு மதிப்பீடு போட்டு, ஏலம் விட்டு, அதன் பிறகுதான் கை வைக்க வேண்டும். வண்டல் எடுக்க அன்று மாவட்ட அளவில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 2024-இல் விதியைத் தளர்த்தி, வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று ஆக்கிவிட்டார்கள். இன்று தொடங்குபவர்களுக்கு அந்த அலைச்சல் பெருமளவு இல்லை.

2019 கோடையில் வேலை நடந்தது. கருவேலத்தை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும் என்பதால் இயந்திரம் வைத்து வேரோடு பிடுங்கினோம். வண்டலை விவசாயிகள் டிராக்டரில் அள்ளிப் போனார்கள். மீதி மண்ணைக் கரையில் போட்டு, அடுக்கடுக்காகத் தண்ணீர் தெளித்துக் கெட்டிப்படுத்தினோம். ஆழமாக வெட்டினால் அதிகத் தண்ணீர் நிற்கும் என்று இளைஞர்கள் துடித்தார்கள். ஊரில் முன்பு நீர்பாய்ச்சியாக (குளத்து நீரை வயல்களுக்குப் பகிர்ந்து விடுபவராக) இருந்த பெரியவர் ஒருவர், தண்ணீர் வயலுக்குப் போகும் மடைக்கு நேரே கம்பை ஊன்றிக் காட்டினார். மடையின் தளத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. அடியில் இருக்கும் களியை உடைத்துவிட்டால் நிற்கிற தண்ணீரும் மணலுக்குள் இறங்கிவிடும். அவர் பேச்சைக் கேட்டு நிறுத்தினோம். இல்லையென்றால் குளம் ஓட்டைப் பானையாகியிருக்கும்.

மண் எடுத்தபோது பழைய குமிழி, அதாவது குளத்துக்குள்ளிருந்து தண்ணீர் திறந்துவிடும் கல் அமைப்பு, வெளியே வந்தது. இரண்டு கல்தூண்கள், நடுவே துளையிட்ட குறுக்குக் கல். புதுக்கோட்டைப் பக்கத்தில் குமிழி அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர் பொறித்த கல்வெட்டுகள் பல உண்டு. எங்கள் தூணில் எழுத்து எதுவும் இல்லை. ஆனாலும் அன்று மாலை ஊரே வந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தது.

அந்த ஐப்பசியில் மழை பெய்தது. குளத்தின் மேல் விழுந்த மழை மட்டும் அதில் தேங்கியது. வெளியிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. தை பிறப்பதற்குள் அதுவும் வற்றியது. இவ்வளவு பணம், இவ்வளவு நாட்கள்! வசூலுக்குப் போன வீடுகளைக் கடந்து நடக்கவே மனம் கூசியது. அந்த நீர்பாய்ச்சிப் பெரியவரிடம்தான் போனேன். “தட்டைக் கழுவி வைத்தீர்கள், தம்பி. உலையை யார் வைப்பது?” என்றார். “வாரியைப் போய்ப் பாருங்கள்.”

வாரி என்றால் காட்டில் விழும் மழையைக் குளத்துக்குக் கொண்டுவரும் வரத்துக்கால். எங்கள் தலைமுறைக்கு அது மாட்டு வண்டிப் பாதை, குப்பை கொட்டும் பள்ளம், அவ்வளவுதான். அது எங்கே தொடங்குகிறது என்று திண்ணையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது.

2020 ஊரடங்கில் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பிள்ளைகள் ஊர் திரும்பியிருந்தார்கள். கெடுபிடி தளர்ந்ததும் கிராம வரைபடத்தையும் புலப்படங்களையும் (ஒவ்வொரு நிலத்தின் அளவு காட்டும் படங்கள்) பெரிதாக நகலெடுத்து எடுத்துக்கொண்டு, குளத்தின் வாயிலிருந்து மேட்டை நோக்கி நடந்தோம். பெரியவரை இருசக்கர வண்டியில் வைத்துக் கூட்டிப்போனோம். ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர். வரைபடத்தில் இருபது அடி அகலம் இருந்த இடத்தில் நேரில் நான்கு அடிகூட இல்லை. சில இடங்களில் வாரியே இல்லை.

தடை மூன்று இடங்களில் இருந்தது. முதலாவது ஒரு சாலைப் பாலம். புதிதாகக் கட்டியபோது அதன் தளத்தை வாரியின் மட்டத்தைவிட உயர்த்திவிட்டார்கள். தண்ணீர் பாலத்தின் வாசல்வரை வந்து, ஏற முடியாமல் பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் பரவிக்கொண்டிருந்தது. மட்டம் பார்க்கத் தெரிந்த கொத்தனார் ஒருவரை வைத்து, ரசமட்டக் குழாயால் அளந்து, புகைப்படத்தோடு மனு கொடுத்தோம். ‘தண்ணீர் போகவில்லை’ என்று எழுதிய முதல் மனுவுக்குப் பதில் வரவில்லை. எத்தனை அங்குலம் உயர்ந்திருக்கிறது என்று எழுதிய மனுவுக்கு ஆள் வந்து பார்த்தார்கள். அடுத்த சில மாதங்களில் அதன் பக்கத்தில் தாழ்வாக ஒரு குழாய் பதித்துக் கொடுத்தார்கள்.

இரண்டாவது என் சொந்தச் சித்தப்பா. வாரியை மூடித் தென்னை நாற்றுப் போட்டிருந்தார். புயலில் தோப்பை இழந்த மனிதர். அந்த நாற்றுதான் அவருடைய நம்பிக்கை. கட்டணம் கட்டி நில அளவரை வரவழைத்தோம். கல் ஊன்றிய இடம் நாற்றங்காலின் நடுவே விழுந்தது. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. சித்திதான் என்னிடம், “அண்ணன் மகன் என்று உன்னை வீட்டுக்குள் விட்டோமே” என்றார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பத்துப் பேர் போய் ஒவ்வொரு நாற்றாக மண்ணோடு எடுத்து, அவருடைய மேட்டு நிலத்தில் நட்டுக் கொடுத்தோம். இரண்டு மாதம் முறை வைத்துத் தண்ணீரும் ஊற்றினோம். ஆக்கிரமிப்பு என்ற சொல்லைக் காகிதத்தில் எழுதுவது எளிது. அதன் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் நம் பங்காளிதான்.

மூன்றாவது, தைலமரக் காடு. மழைநீர் திரளும் மேட்டுப் பகுதி முழுவதும் தைலமரம். மழை வெளியே போகாதபடி உள்ளே வரிசை வரிசையாக வரப்பு எடுத்திருக்கிறார்கள். எங்கள் குளத்துக்கு வர வேண்டிய மழையின் பெரும்பங்கு அங்கேயே நின்றுவிடுகிறது. மனு, கிராமசபைத் தீர்மானம், மறுபடி மனு. ஓரத்துச் சில வரப்புகளை மட்டும் திறந்துவிட ஒப்புக்கொண்டார்கள். மீதி இன்றும் அப்படியே இருக்கிறது. இதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

2020 டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி புயல் மழை. இரவு முழுவதும் தூங்காமல் வாரியின் வாயில் டார்ச்சோடு நின்றோம். விடியும் நேரத்தில் முதலில் சத்தம் வந்தது. சருகு நகரும் சத்தம். பிறகு செம்மண் நிறத்தில் நுரையும் குச்சியும் தள்ளிக்கொண்டு ஆள் நடக்கும் வேகத்தில் தண்ணீர் வந்தது. நான் ஓடிப்போய் அம்மாவை எழுப்பினேன். அவர் இறங்கிக் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றார். சித்தப்பாவும் குடையோடு வந்து கரையில் ஒதுங்கி நின்று பார்த்துவிட்டுப் போனார்.

அதன்பின் ஆண்டுதோறும் ஆடியில் வாரி வெட்டுகிறோம். குளத்துக்குள் முளைக்கும் கருவேலங்கன்றுகளை, விரலால் பிடுங்கும் பருவத்திலேயே பள்ளிப் பிள்ளைகளும் நாங்களும் சேர்ந்து பிடுங்கிவிடுகிறோம். புரட்டாசியில் கரையில் பனை விதை ஊன்றுகிறோம்.

2021 நவம்பரில் பெருமழை. என் நினைவில் முதல்முறையாகக் கலிங்கு (குளம் நிரம்பினால் மிகைநீர் வெளியேறும் வழி) பாய்ந்தது. வெடி வெடித்தோம், பொங்கல் வைத்தோம். மூன்றாம் நாள் கீழே இருக்கும் ஊரிலிருந்து நான்கைந்து பேர் வந்தார்கள். கலிங்குத் தண்ணீர் தங்கள் குளத்துக்கு வராமல் வயல்களுக்குள் புகுந்து நாற்றை மூழ்கடித்திருப்பதாகச் சொன்னார்கள். வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவர்களோடு நடந்தேன். அவர்களுடைய வாரி எங்கள் கலிங்கின் அடியில்தான் தொடங்குகிறது. அதன் முதல் இருநூறு அடி எங்கள் எல்லைக்குள் இருக்கிறது. 2019-இல் கரைக்குப் போக மிஞ்சிய மண்ணை நாங்கள் கொட்டி மேடாக்கியது அந்த இடத்தில்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊராரும் சேர்ந்து அந்த மண்ணை அள்ளினோம்.